தூக்கி வைத்த காது

என் கொழுந்தனார் இன்னாசி லீவில் வந்திருந்தபோது இதைச் சொன்னார். என் மூன்றாவது மகள் கோயிலில் முதல் நற்கருணை, அதுதான் புதுநன்மை, வாங்கின வருஷம் அது. பந்தி முடிந்து நாங்கள் இலை எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் வேலை பார்த்த கப்பலில் நடந்ததாம்.

"தம்பி, ஒருத்தன் செவிடுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார் செராங் கஸ்பார்.

"யாருண்ணே செவிடு?" என்றார் சேகு நயினா.

"ததேயுதான். வேற யாரு."

கஸ்பார் கயிறுக்கும் நங்கூரத்துக்கும் அவற்றில் வேலை பார்க்கிற ஆட்களுக்கும் தலைவர். சேகு நயினா காயல்பட்டணத்துக்காரர், கப்பலின் மின்சார வேலையும் போன்களும் அவர் பொறுப்பு. செராங்கைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் மனசில் ஒன்று குத்தினால் செராங் அவரிடம்தான் போவார்.

முந்தின நாள் துறைமுகத்தில் கப்பலைக் கட்டினார்கள். முன்பக்கத்து போனில் செராங் நின்றார், பின்பக்கத்து போனில் அவருடைய ஆள் ததேயு. மேலே, கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜிலிருந்து, "பின்கயிறு நிறுத்து" என்று சொன்னார்கள். செராங்குக்குக் கேட்டது. ததேயுவுக்குக் கேட்கவில்லை. கயிறு இழுபட்டுக்கொண்டே போனது. ரெமிஜியுஸ் என்கிறவருக்கு இரண்டு விரல் போய்விட்டது.

தப்பு ததேயுமேல் என்று கேப்டன் எழுதிவிட்டார். செராங் கையெழுத்துப் போட்டால் சாயங்காலமே ததேயுவை இறக்கிவிடுவார்கள். பிறகு எந்தக் கப்பலும் அவரை ஏற்றாது.

"அவன் என்ன சொல்றான்?" என்றார் நயினா.

"ஒரே இரைச்சல், வேற ஒண்ணும் கேக்கலைங்கறான். அதே கம்பி. எனக்குக் கேக்குது, அவனுக்கு மட்டும் இரைச்சலா?"

நயினா ஒரு ஹெட்செட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு காதுக்கும் இரண்டு கிண்ணம். நெஞ்சில் தொங்குகிற பேசுகிற குழல், அதில் ஒரு பட்டன். பட்டனை அழுத்திப் பேசவேண்டும். பேட்டரி கிடையாது. பேசுகிறவன் குரலின் பலத்திலேயே சத்தம் கம்பியில் போகும்.

"நல்லாத் துடை. பச்சைப்பிள்ளைக்குக் காது துடைக்கிற மாதிரி," என்றார் செராங்.

"நீங்க இதை எப்படி மாட்டுவீங்க, அண்ணே?"

"இருபது வருஷமா மாட்டுறேன். என்னைக் கேக்குறியா?" செராங் வாங்கி மாட்டினார். இடது கிண்ணம் காதில் உட்கார்ந்தது. வலது கிண்ணத்தைத் தூக்கித் தொப்பிமேல் வைத்தார். "ஒரு காது பிரிட்ஜுக்கு. ஒரு காது என் ஆளுங்களுக்கு. எவன் கூப்பிட்டாலும் எனக்குக் கேக்கும்."

நயினா ஹெட்செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ததேயு நின்ன இடத்துல கொஞ்சம் நில்லுங்க," என்றார் பிறகு.

"நான் எதுக்கு?"

"செவிடு ஆளுலயா, இடத்துலயான்னு பாத்துருவோம்."

செராங் முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் போய் நின்றார். நயினா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முன்பக்கம் போனார். என் கொழுந்தனாரைப் பிரிட்ஜ் போனில் நிறுத்தி, ஒன்று இரண்டு என்று மெதுவாக எண்ணச் சொன்னார்கள். முந்தின நாள் ஓடின மாதிரியே முன்பக்கத்தில் கயிறு சுற்றுகிற வின்ச்சைச் சும்மா ஓடவிட்டார்கள்.

ஒன்று கேட்டது. இரண்டு, மூன்று, நான்கு.

பிறகு ஒரே இரைச்சல். தலைக்குள்ளேயே வின்ச் ஓடுகிற மாதிரி.

பிறகு பதினொன்று.

"ஏய் இன்னாசி! அஞ்சுலேர்ந்து பத்து வரைக்கும் எங்கடா போச்சு?"

"எல்லாம் சொன்னேன், செராங்கே. உங்க காதைத்தான் கேக்கணும்!"

செராங் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு விடுவிடுவென்று முன்பக்கம் போனார். வின்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நயினா அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பட்டனை அழுத்திக்கிட்டே இருந்தியா?"

"தொடவே இல்லை."

"அப்போ இந்தச் சத்தம் எப்படிக் கம்பிக்குள்ள போச்சு?"

நயினா வின்ச்சை நிறுத்தச் சொன்னார். அவருடைய இரண்டு காதிலும் கிண்ணம் சரியாக உட்கார்ந்திருந்தது. வலது கிண்ணத்தைத் தூக்கித் தொப்பிமேல் வைத்துக் காட்டினார்.

"அஞ்சுலேர்ந்து பத்து வரைக்கும் இப்படி இருந்தேன்."

"அது கேக்குறதுக்குத்தானே தம்பி? அதுக்கு ஏது வாய்?"

நயினா அந்தக் கிண்ணத்தை இறக்கி உதட்டருகே கொண்டுவந்தார். பட்டனைத் தொடவில்லை. மெல்லிய குரலில் அதனிடம் சொன்னார்.

"இன்னாசி, எட்டிப் பாரு."

மேலே பிரிட்ஜ் ஜன்னலில் என் கொழுந்தனாரின் தலை வந்தது.

செராங் அண்ணாந்து பார்த்தார். அவர் கை தன் வலது காதுக்குப் போனது.

"ததேயு எங்கே?"

"கீழே. பெட்டி கட்டிக்கிட்டு இருக்கான்."

செராங் படியிறங்கிப் போனார். ததேயு கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சாண்ணே?"

"உன் துணியெல்லாம் எடுத்து வெளிய வை," என்றார் செராங். "பெட்டி எனக்கு வேணும். என் பெட்டிக்குப் பூட்டு இல்லை."

என் சின்னவனும் இப்போது கப்பலில்தான் இருக்கிறான். நீங்கள் ஜெபம் சொல்லும்போது அவன் பெயரையும் ஒரு தடவை சேர்த்துக்கொள்ளுங்கள். தனிஸ்லாஸ்.