பதினாறு அடிக் கோல்

வெகு காலத்துக்கு முன்னால் வளவபுரி தேசத்தைக் குவலயமாறன் என்றொரு அரசர் ஆண்டார். ஆண்டார் என்றால், காலையில் எழுந்து முகம் கழுவி அரியணையில் உட்கார்ந்தார். மற்றதையெல்லாம் பண்டாரத் தலைவர் நாகேசுவரர் பார்த்துக்கொண்டார்.

அரசருக்குத் தம் பாதங்களைப் பற்றிப் பெருமை அதிகம். மிகச் சிறிய பாதங்கள். புலவர்கள் தாமரை என்றார்கள். மொட்டா மலரா என்று ஒருநாள் சபை முழுக்க விவாதம் நடந்தது. அன்று வேறு எந்த அலுவலும் நடக்கவில்லை.

அந்தத் தேசத்தில் ஒரு வழக்கம். அரசர் இறந்தால் அவர் காலத்து நில அளவுக் கோல்களை அவர் சிதையிலேயே எரித்துவிடுவார்கள். புது அரசர் தம் பாதத்தை ஈரக் களிமண்ணில் பதிப்பார். அந்த அடியைப் போல் பதினாறு மடங்கு நீளத்துக்கு மூங்கிலில் புதுக் கோல் வெட்டுவார்கள். அதைக் கொண்டுதான் நிலம் அளக்க வேண்டும். அளவு எத்தனை வேலியோ அத்தனைக்கு வரி.

குவலயமாறன் பட்டமேறி ஏழு வருடம் ஆகியும் கோல் வெட்டவில்லை. யார் செலவு என்று முடிவாகவில்லை.

அந்தத் தேசத்தின் ஒரு பகுதியான கீழ்க்கரை நாட்டின் தலைவர் மழவராயர் ஓலை அனுப்பினார்: "வரி தலைநகருக்குப் போகிறது. அளவுகாரர் கூலியைத் தலைநகர் கொடுக்கட்டும்." நாகேசுவரர் பதில் எழுதினார்: "நிலம் உங்கள் நாட்டில் கிடக்கிறது. கூலியை நீங்கள் கொடுங்கள்." இப்படி அறுபத்திரண்டு ஓலைகள். ஓலை சுமந்தவனுக்கு மட்டும் இரண்டு பக்கமும் தவறாமல் சோறு கிடைத்தது.

இதற்குள் ஆறு திசை மாறிக் கீழ்க்கரையில் பல வயல்களை விழுங்கியிருந்தது. ஏட்டில் வயல் இருந்ததால் வரியும் இருந்தது. தண்டலுக்கு வந்தவரிடம் பூவாண்டாள் என்ற கைம்பெண், "வயலில் இப்போது மீன்தான் குடியிருக்கிறது. அதனிடம் போய்க் கேளும்" என்றாள்.

ஏழாம் வருடம் ஆவணியில் தலைநகரிலிருந்து ஆணை வந்தது. தைக்குள் கீழ்க்கரை முழுவதையும் அளந்தாக வேண்டும். தவறினால் அளவுகாரர் நாற்பது பேரும் குடியிருக்கும் மனையை விட்டு வெளியேற வேண்டும். ஏழு வருடமாய்க் கொடுக்காத கூலி பற்றி ஒரு வரி இல்லை.

அளவுகாரரில் மூத்தவர் பேராயிரம். அவர் நடந்தே தலைநகர் வந்து சபையில் நின்றார்.

"என்னய்யா, கோல் பிடிக்கிற கைக்கு ஓலை பிடிக்கத் தெரியுமா?" என்றார் நாகேசுவரர்.

"தெரியும் ஐயா. அறுபத்திரண்டையும் படித்தேன். நல்ல தூக்கம் வந்தது."

அரசர் சிரித்துவிட்டார். நாகேசுவரர் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றார் பேராயிரம். "கூலி எங்கள் நாட்டுச் செலவு. சரி. கோல் வெட்டுவதும் எங்கள் செலவா?"

"எல்லாமே உங்கள் செலவு, உங்கள் பொறுப்பு. பண்டாரத்திலிருந்து ஒரு பிடி களிமண்கூட வராது."

"அதை முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டால் நாங்கள் வேலையைத் தொடங்கிவிடுவோம்."

அரசர் கொட்டாவி விட்டபடி மோதிரத்தை நீட்டினார். முத்திரை விழுந்தது.

மார்கழியில் பேராயிரம் திரும்பி வந்தார். கையில் புது ஏடு, தோளில் கோல். கோல் வாசல் நிலையில் இடித்தது. காவலர்கள் சாய்த்து உள்ளே கொண்டுவந்தார்கள்.

நாகேசுவரர் ஏட்டைப் பார்த்து அலறினார். "மன்னர் அடிக்கு ஆயிரம் வேலி வரும் நாடு! நானூற்று நாற்பத்து நான்கு என்று எழுதியிருக்கிறான்! மீதி எங்கேயடா?"

"அங்கேயேதான் கிடக்கிறது ஐயா. கோல் கொஞ்சம் நீளம்."

"யார் அடியில் வெட்டினாய்?" என்றார் அரசர்.

"செலவும் பொறுப்பும் நாட்டுடையது என்று தங்கள் முத்திரை சொல்கிறது. அதனால் நாட்டுத் தலைவர் அடியில் வெட்டினோம். மழவராயருக்கு யானைக்கால். களிமண் இரண்டு கூடை பிடித்தது. 'இருபது வருடமாய் இந்தக் காலைச் சுமக்கிறேன், இன்றைக்குத்தான் அது என்னைச் சுமந்தது' என்று சிரித்தார்."

சபையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

நாகேசுவரர் பதறினார். "மன்னவா, செலவைப் பாதிப் பாதியாக ஏற்கலாம்."

"ஏற்கலாமே" என்றார் பேராயிரம். "கோலில் எட்டு அடி அரசருடையது, எட்டு அடி மழவராயருடையது. அறுநூற்று நாற்பது வேலி வரும்."

அரசர் தம் பாதங்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு நீண்டு கிடந்த கோலைப் பார்த்தார். தம் தாமரை இல்லாமல் தம் தேசம் பாதிக்கு மேல் காணாமல் போகும் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது.

"களிமண் கொண்டுவாருங்கள்" என்றார்.

சபை நடுவே அரசர் சேற்றில் கால் வைத்தார். குளிர்ந்ததில் சின்னக் கூச்சல்கூடப் போட்டார். பழைய முத்திரை ரத்தானது. கோலும் கூலியும், ஏழு வருடப் பாக்கி உட்பட, பண்டாரத்தின் செலவு என்று புது முத்திரை விழுந்தது.

"உனக்கு என்ன வேண்டும்?" என்றார் அரசர்.

"கோலின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் குறைகிறது. பண்டாரத்துப் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பண்டாரத் தலைவரே வந்து பார்த்தால் நல்லது. முதலில் அவருடைய சொந்த வயலிலேயே தொடங்கலாம்."

"அது எதற்கு? அதெல்லாம் சரியாக இருக்கிறது" என்றார் நாகேசுவரர், சற்று வேகமாக.

மறுநாள் நாகேசுவரர் முழங்கால் சேற்றில் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரம்பில் குடை பிடித்தபடி அரசர். ஏட்டில் நாகேசுவரர் வயல் மூன்று வேலி. கோலுக்குப் பதினொன்று வந்தது.

ஏழு வருடம் கோல் ஏன் வெட்டப்படவில்லை என்று யாரும் அரசருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வயல் பண்டாரத்துக்குப் போனது. நாகேசுவரர் கோல் பிடிக்கும் வேலையிலேயே இருந்தார். அதற்குக் கூலி மாதம் தவறாமல் கிடைத்தது.

தைக்குள் கீழ்க்கரையைப் புதுக் கோலால் மறுபடி அளந்து முடித்தார்கள். நாற்பது மனையிலும் அடுப்பு எரிந்தது. பூவாண்டாளின் வயலை ஏட்டிலிருந்து நீக்கினார்கள். அதற்குப் பிறகு மீன்களை யாரும் தொந்தரவு செய்யவில்லை.