மரியசெல்வம் ஏற்றிய வேகம்

கிரேன் ஓட்டுநர் மரியசெல்வத்துக்கு ஐம்பத்தொரு வயதில் ஒரு குரு வாய்த்தாள். அவளுக்கு வயது இருபத்தெட்டு. பெயர் ரிஸ்வானா. தூத்துக்குடியில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். கம்ப்யூட்டரை அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டிக் காட்டும் போட்டிகளில் இரண்டு முறை ஜெயித்தவள். அதற்கு முன், கம்ப்யூட்டருக்குள் படம் வரையும் கார்டுகளில் நான்கைக் கருக்கியவள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வாள்.

அவர் அவளை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு அவளும் விட்டுவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை, கடை திறக்கும் முன்பே வந்து படியில் நின்றுகொண்டிருந்தார்.

“என் கம்ப்யூட்டர் வேகத்தைக் கூட்டணும் டீச்சர். எவ்வளவு ஏத்தலாம்?”

“எதுக்கு?”

சொன்னார். போன வருஷம் அவர் வேலை பார்க்கும் சரக்கு யார்டில் கொக்கியிலிருந்து ஒரு சுமை நழுவி விழுந்தது. கீழே, யாரும் தாண்டக் கூடாத சிவப்புக் கோட்டுக்கு உள்ளே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் பிழைத்தார். அன்று மேலே கேபினில் உட்கார்ந்திருந்தது மரியசெல்வம். அவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர், யாரும் சொல்லாமலே, அனிமேஷன் கற்றுக்கொண்டார். சுமை எப்படி ஆடும், எங்கே விழும், எங்கே நிற்கக் கூடாது என்று காட்டும் ஆறு நிமிடப் படம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அறுபது தொழிலாளர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். சனிக்கிழமை புது கிரேன் ஓடத் தொடங்குகிறது.

“எவ்வளவு மிச்சம்?”

“மூவாயிரம் பிரேம். ஒரு பிரேமைக் கம்ப்யூட்டர் வரைஞ்சு முடிக்க ஒரு நிமிஷம் ஆகுது. மொத்தம் ஐம்பது மணி நேரம். எனக்கு அவ்வளவு நேரம் இல்ல டீச்சர்.”

ரிஸ்வானா கடையைத் திறக்கவில்லை. அவரோடு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் முதலில் அவள் எந்த எண்ணையும் தொடவில்லை. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். விசிறிகளில் தூசி கம்பளம் மாதிரிப் படிந்திருந்தது.

“ஏத்தணும்னு சொன்னேனே டீச்சர்.”

“பிரஷ் இருக்கா?”

துடைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் நிமிடத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி ஓடவிட்டபோது எண்பத்தாறு டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்த கார்டு எழுபத்து நாலில் நின்றது. ஒரு பிரேமுக்கு ஐம்பத்தெட்டு வினாடி.

“ஏத்தாமலே ரெண்டு வினாடி வந்துட்டு,” என்றாள். “படத்துக்கு இன்னொரு பிரதி எங்க வச்சிருக்கீங்க?”

அவர் விழித்தார். பிரதி எதுவும் இல்லை. தனி டிஸ்க்கில் பிரதி எடுத்த பிறகுதான் வேகத்தைக் கூட்டும் நிரலைத் திறந்தாள். திரையில் இரண்டு கோடுகள், ஒவ்வொன்றிலும் நகர்த்த ஒரு குமிழ்.

“இது மின்னழுத்தம். இதை நீங்க தொடவே கூடாது. நான் கருக்கினது நாலும் இதுலதான். இது வேகம். பதினைஞ்சு பதினைஞ்சா ஏத்துங்க. ஒவ்வொரு தடவையும் சோதனை ஓடணும். சூட்டைப் பாத்து எழுதணும்.”

அவர் மவுஸில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

“எரிஞ்சிராதே டீச்சர்?”

“ஏத்துங்க.”

பதினைந்து. முப்பது. நாற்பத்தைந்து. சோதனைப் படம் சுழன்றுகொண்டே இருந்தது. விசிறிச் சத்தம் மாறும்போதெல்லாம் அவர் பின்னால் சாய்ந்தார். நூற்றைம்பதிலும் ஓடியது. நூற்று அறுபத்தைந்து வைத்ததும் திரை உறைந்தது. பிறகு கறுப்பானது.

மரியசெல்வம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“போச்சு.”

ரிஸ்வானா பத்து எண்ணும் நேரம் சும்மா இருந்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டர் எழுந்தது. எண் பழையபடி பூஜ்யத்தில் இருந்தது.

“எரிஞ்சுதா?” என்று அவரைக் கேட்டாள்.

“இல்ல.”

“தாங்கலைன்னா அதுவே விழுந்துரும். இப்ப பாத்துட்டீங்க.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புக்கூட வந்தது. ரிஸ்வானா குமிழைத் தொண்ணூறில் வைத்தாள்.

“நூத்தைம்பதுல நல்லா ஓடிச்சே?”

“அரை மணி நேரம் ஓடிச்சு. உங்களுக்கு ரெண்டு நாள் ஓடணும்.”

“தொண்ணூறுன்னா வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குத்தான் முடியும். யார்டுக்குப் போகவே இருபது நிமிஷம் வேணும்.”

“தொண்ணூறு,” என்றாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மரியசெல்வம் ஒரு பிரேம் பார்த்தார். இரண்டு பார்த்தார். ஐம்பத்தாறு வினாடி. காகிதத்தில் மறுபடி பெருக்கிப் பார்த்தார். அறுபது பேர் வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. விழுந்தால் அதுவே எழுந்திருக்கும் என்று கண்ணால் பார்த்தாயிற்று. பன்னிரண்டு மணிக்குக் குமிழை நூற்றைம்பதுக்கு நகர்த்தினார். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் விழவில்லை. அன்று முழுக்க ஓடியது. வியாழன் காலையும் ஓடியது. பிரேம்கள் கணக்குக்கு மேலேயே சேர்ந்துகொண்டிருந்தன. மத்தியானம் மூன்று மணிக்கு, வெயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாதபடி காய்ந்துகொண்டிருந்தபோது, சும்மா ஒரு பிரேமைத் திறந்தார்.

தரையில் சிவப்புக் கோடு போகும் இடத்தில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் இருந்தது. கோடு அந்த இடத்தில் இல்லை.

அடுத்ததைத் திறந்தார். சரியாக இருந்தது. அதற்கடுத்ததும் சரி. பத்து தள்ளி ஒன்றில் கொக்கி பாதி கறுப்பு. திறந்துகொண்டே போனார். ஏழு வந்ததும் நிறுத்திவிட்டு ரிஸ்வானாவுக்குப் போன் செய்தார்.

அவள் வந்து திரையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். நூற்றைம்பது.

“திட்டுங்க டீச்சர்.”

“எத்தனை?”

“ஏழு.”

“கண்ணுல பட்டது ஏழு. படாதது?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அது விழவே இல்லையே டீச்சர். விழுந்துரும்னுதானே சொன்னீங்க.”

ரிஸ்வானா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நேத்து நான் உங்களுக்குப் பாதிதான் காட்டினேன்,” என்றாள். “விழாமலே தப்பாவும் வரையும். அந்த மிச்சத்தை இப்ப சேர்ந்து பாப்போம்.”

பிரேம்கள் வரைவதை நிறுத்தினார்கள். ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பிரேம்கள். ஒவ்வொன்றாக. விசிறி அடங்கிய கம்ப்யூட்டரின் அமைதி அவருக்குத் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு நிமிடமும் ஒரு பிரேம் போகிறது என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. ஒருமுறை வேகமாகத் தள்ளப் பார்த்தார். அவள் மவுஸின் மேல் இருந்த அவர் கையைப் பார்த்தாள். மெதுவாக்கினார்.

கெட்டது பத்தொன்பது. பத்தொன்பதும் வியாழன் பகல் வரைந்தவை. புதன்கிழமை வரைந்ததில் ஒன்றுகூட இல்லை.

“வெயில்,” என்றார் அவர்.

“வெயிலும் உண்டு.”

அவள் குமிழைப் பூஜ்யத்துக்கு இழுத்தாள்.

“தொண்ணூறாவது வைங்க டீச்சர்!”

“தொண்ணூறு சரின்னு நேத்து நினைச்சேன். இப்ப எனக்கும் தெரியாது. சோதிச்சுப் பாக்க நேரம் இல்ல.”

“அப்ப நாளைக்கு மத்தியானம் ஆயிருமே. அறுபது பேருக்கு என்னத்தைக் காட்ட?”

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அதற்குள் அவர் படத்தின் காட்சிப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார். சுமை ஆடுவது. கயிறு நழுவுவது. கோட்டுக்கு வெளியே நிற்பது. கடைசியில் பத்து வினாடி, கடலில் சூரியன் எழும்பும் காட்சி. இருநூற்று நாற்பது பிரேம். அந்த அலைகளை மட்டும் இரண்டு மாதம் செய்திருந்தார். யார்டில் யாராவது ‘இதை நீங்களா செஞ்சீங்க’ என்று கேட்டால் அதற்காகத்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தார்.

“இது இல்லாம ஓடினா?”

“எத்தனை மணிக்கு முடியும்?”

கணக்குப் போட்டார். “காலையில ஒன்பதரைக்கு.”

“முழுப் படத்தையும் ஒரு தடவை பாத்துட்டுப் போக நேரம் இருக்கும்,” என்றாள்.

அவர் சூரியனை அழித்தார். அழித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கெட்ட பத்தொன்பதையும் மிச்சத்தோடு சேர்த்து ஓடவிட்டார். ஐம்பத்தெட்டு வினாடிக்கு ஒன்று.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் படம் ஓடியது. திடுதிப்பென்று முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து, “அந்தக் கயிறு நழுவுற இடத்தைத் திரும்பப் போடுங்கண்ணே,” என்றார். போட்டார். இன்னொருவர் மறுபடி கேட்டார். நாலு முறை போட்டார். அதன்பின் அறுபது பேரும் புது கிரேன் பக்கம் நடந்து போய், தரையில் சிவப்புக் கோடு எங்கே வருகிறது என்று பார்த்தார்கள்.

திங்கட்கிழமை மரியசெல்வம் கடைக்கு வந்தார். ரிஸ்வானா ஒரு போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் நிமிராமலே கேட்டுக்கொண்டாள்.

“அடுத்த படம் ஒண்ணு ஆரம்பிக்கேன் டீச்சர். தீ பிடிச்சா என்ன செய்யணும்னு. இந்தத் தடவை அவசரம் இல்ல. மூணு மாசம் இருக்கு.” தயங்கினார். “வேகத்தை இனி நானே ஏத்திக்கிடலாமா? இல்ல, நீங்க வந்து பக்கத்துல இருக்கணுமா?”

அவள் ஈயக்கோலைத் தாங்கியில் வைத்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பயம் போயிட்டா?”

அவர் யோசித்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

“போகல டீச்சர். முன்னைவிடக் கூடிட்டு.”

“அப்ப நீங்களே ஏத்துங்க,” என்றாள்.