கல்லுக்குப் பொறுப்பான தலைவர்

வேலைநிறுத்தத்தில் ஒரு கல் பறந்தாலும் சங்கத் தலைவருக்குச் சிறை என்று புதுச் சட்டம் வந்தது. எறிந்தவர் யாரென்று அது கேட்கவில்லை. சட்டத்துக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. பஞ்சாலை முதலாளியின் மைத்துனர் ரத்தினசபாபதியிடம் கல் எறியவென்றே ஆட்கள் இருந்தார்கள். பழைய தலைவர் உள்ளே போனது அப்படித்தான்.

கூலி உயர்வுக்காக மறுபடி வேலைநிறுத்தம். தலைவராக ஒருவரும் முன்வரவில்லை. ஆலையைப் பெருக்கும் வேலம்மாள் பூமாலையோடு ரத்தினசபாபதி வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, வெளியாள் தலைவராகலாம்னு சங்க விதியிலேயே இருக்கு. ஊரெல்லாம் உங்க படம் போட்டுப் போஸ்டர் ஒட்டிடுறோம்."

கோயில் கமிட்டி முதல் கபடிக் குழு வரை எந்தத் தலைமையையும் அவர் மறுத்ததில்லை. சங்கமே கைக்குள் வந்துவிட்டதென்று கழுத்தை நீட்டினார்.

மறுநாள் ஆலை வாசலில் அவருடைய ஆட்கள் வழக்கம்போலக் கல்லை ஓங்கினார்கள். எதிரே வேடிக்கை பார்த்து நின்ற ரத்தினசபாபதிக்கு, சுவரில் தன் போஸ்டரில் 'சங்கத் தலைவர்' என்று படித்த பிறகுதான் சட்டம் ஞாபகம் வந்தது. வேட்டி அவிழ ஓடிவந்தார்.

"கீழே போடுங்கடா! உள்ளே போறது நான்டா!"

அத்தனை கல்லும் கீழே விழுந்தது.

"இவங்க உங்க ஆளுங்களா?" என்று அவரைக் கேட்டார் காவலுக்கு நின்ற இன்ஸ்பெக்டர்.

வேலம்மாள் முந்திக்கொண்டாள்: "பின்னே, எங்க ஆளுங்க கையிலதான் கல்லே இல்லையே, ஐயா!"