அரைக்காத படிகம்

அந்த லேப் இப்போது இல்லை. இடித்துவிட்டு கார் நிறுத்துகிறார்கள். இருந்தவரை, கதவைத் திறந்தாலே பாதாம் வாசனை அடிக்கும். அத்தனை வருஷம் ஆல்டிஹைடு என்ற ரசாயனம் காய்ச்சி வாசனை ஊறிய சுவர்.

அங்கே ஹமீதா மேடத்தின் கடைசி ஆய்வு மாணவன் இசக்கிமுத்து. மேடம் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழ வேண்டும். இல்லையென்றால் வேறு கைடு, இன்னும் இரண்டு வருஷம்.

ஷிஃப் காரம் என்ற மஞ்சள் பொருளுக்குள் செம்பையும் துத்தநாகத்தையும் சேர்த்து உட்கார வைப்பதுதான் அவன் வேலை. ஒவ்வொரு படிகத்திலும் இரண்டும் இருக்க வேண்டும். முதலில் செம்பு, ஒரு நாள் காத்திருப்பு, பிறகுதான் துத்தநாகம். அது மேடத்தின் முறை. இசக்கிக்கு நாள் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினான்.

படிகம் வந்தது. அரைத்துச் சோதனைக்கு அனுப்பினான். செம்பும் துத்தநாகமும் சரிபாதி என்று ரிப்போர்ட் வந்தது. துள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

மேடம் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை.

"அரைக்காதது இருக்கா?"

எல்லாவற்றையும் அரைத்துவிட்டதாகச் சொன்னான்.

"சட்னி அரைச்ச பிறகு தேங்காயைக் கேட்டா எதைக் காட்டுவே?"

வடிதாளின் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மேடம் அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்து அவனைப் பார்க்கச் சொன்னார். பச்சைப் படிகங்கள். நடுநடுவே மஞ்சள் படிகங்கள். செம்பு தனியாக, துத்தநாகம் தனியாக. சேரவே இல்லை. அரைத்ததால் சேர்ந்த மாதிரி ஆகிவிட்டது.

இசக்கி வாதாடினான். ரிப்போர்ட் பொய்யில்லையே, படிகத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்றான். சும்மா சொல்லக் கூடாது, அவன் சொன்னது சரிதான். யாரும் கேட்பதில்லை.

மேடம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன சீசாவை எடுத்தார். லேபிளில் மை வெளுத்திருந்தது. அவருடைய கையெழுத்துதான், குண்டு குண்டாக. தன் ஆய்வுக் காலத்தில் அதிலிருந்த படிகம் வந்த நாளைப் பற்றிச் சொன்னார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை நாலு தோழிகள் முறை போட்டுக் காத்தார்களாம். லேப் முழுக்க ஜாங்கிரி கொடுத்தார்களாம். சொல்லும்போது சிரித்தார். பட்டம் வாங்கிய பிறகு, கழுவலாமென்று எடுத்தபோதுதான் வெளிச்சத்தில் சரியாகப் பார்த்தாராம்.

இசக்கி சீசாவை ஜன்னலுக்கு நேரே தூக்கினான். உள்ளே பச்சையும் மஞ்சளும்.

"இது உங்க தீஸிஸ்ல இருக்கா மேடம்?"

"அஞ்சாவது அத்தியாயம்."

"யாரும் கேட்கலையா?"

"நான்தான். முப்பத்தோரு வருஷமா."

இசக்கி சீசாவை மேஜையில் வைத்தான். பிறகு அவன் மெதுவாகக் கேட்டான், கையெழுத்துப் போடுவீர்களா என்று.

மேடம் பேனாவைத் திறந்தார்.

"போடறேன். போகும்போது இந்த சீசாவையும் எடுத்துட்டுப் போ."