நல்லா ஓடுற கிணறு

"குருவே, ஏழாம் நம்பர் கிணறு என் உயிரை வாங்குது," என்றார் அந்தோணிசாமி.

குருவுக்குத் தாடி கிடையாது. வெள்ளைக் கோட்டுதான்.

வேதவல்லி அந்த எண்ணெய் வயலின் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பு. அந்தோணிசாமியைவிட வயதில் இளையவள். அவள் வந்த புதிதில் கிண்டலாகத்தான் 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தார். இப்போது அதில் கிண்டல் இல்லை.

"எண்ணெயோட வர்ற தண்ணி பூரா உப்பு. மேல ஏறி வர்றப்ப குழாய்ல படிஞ்சு அடைச்சுக்குது. லாரி லாரியா நல்ல தண்ணி இறக்கிக் கரைக்கிறேன். கொஞ்ச நாள் ஓடுது. மறுபடி அடைப்பு."

"இப்ப?"

"நேத்துதான் கரைச்சு விட்டேன், ஓடுது. இன்னொரு தடவை அடைச்சா சிமெண்ட் ஊத்தி மூடிடுவாங்களாம். பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டேன், குருவே."

அவளுக்கும் கஷ்டமாக இருந்தது.

"நல்லா ஓடுறப்ப என்ன செய்வீங்கண்ணே?"

"தண்ணி வால்வை மூடிடுவேன். ஓடுற கிணத்துல தண்ணி விட்டா எண்ணெய் குறையும்ல? சும்மா இருக்கறத எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

வந்ததிலிருந்து அவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நிற்பதைப் பார்த்தாள்.

"இடுப்புல என்ன?"

"பழைய கல்லுதான். சிறுநீரகத்துல. திரும்ப வந்துருச்சு."

"டாக்டர் என்ன சொல்லியிருந்தாரு?"

"தண்ணி குடிக்கச் சொன்னாரு. குடம் குடமா குடிச்சேன். போன வருசம் வெளிய வந்துருச்சு."

"வந்தப்புறம்?"

"வலிதான் இல்லையே. அப்புறம் எதுக்குக் குடிச்சுக்கிட்டு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வேதவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்ளப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் கொஞ்சமா."

ஒரு வாய் குடித்தார். வெட்கமாக இருந்தது. அவள்மேல் பிரியமாகவும் இருந்தது.

"பாட்டிலை நீங்களே வச்சுக்குங்க," என்றாள்.

கிணற்றடியில் அவரோடு ஷிப்ட் பார்க்கும் கமாலுதீன் வால்வில் கை வைத்தபடி காத்திருந்தார்.

"ஜம்முனு ஓடுதுண்ணே. தண்ணிய மூடிடலாமா?"

"வேணாம். துளித் துளியா போய்க்கிட்டே இருக்கட்டும்."

"எதுக்குண்ணே? நல்லாத்தானே ஓடுது?"

"அதுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு, அந்தோணிசாமி பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.