பாதி மீசையில் நின்ற ஜாமீன்

இக்கதையை 1978 சித்திரையில், கழுகுமலைச் சந்தையில் உப்பு விற்ற பேச்சித்தாயிடம் கேட்டெழுதினேன்.

மாடு வாங்கக் கடன்பட்ட கொம்பையாவுக்கு நாவிதர் சங்கிலி ஜாமீன் நின்றார். தவணை மாறினால் ஜாமீன்தாரரும் மறுபடி கைநாட்டு இடவேண்டும் என்பது பத்திர விதி. கொம்பையா ஊரைவிட்டு ஓடினான். கடன் கொடுத்த வட்டிக்கடை உலகநாதர் பஞ்சாயத்தாரைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, சங்கிலியிடம் சவரம் செய்துகொண்டே மிரட்டினார்: "பணத்தை வை, இல்லேன்னா வீட்டை எழுதிக் குடுல!"

பாதி மீசையை மழித்த சங்கிலி கத்தியை நிறுத்தினார். "மொதலாளி ஈரமில்லாதவுகன்னு ஊரே பேசுது."

"எவம்ல சொன்னான்? ஒரு பலாப்பழம் கொண்டாந்து குடுத்ததுக்கே கொம்பையாவுக்கு ஆறு மாசம் கூடுதல் தவணை குடுத்தவன் நான்!"

"அதுக்கு எங்கிட்ட கைநாட்டு வாங்கினீகளா?"

பஞ்சாயத்தார் சிரித்தபடியே ஜாமீன் செல்லாது என்றனர், வீடு தப்பியது.

பேச்சித்தாய் இவ்வளவில் முடித்தார். கோவில்பட்டிப் பக்கத்தார் கூற்றில், மீதி மீசையையும் மழிக்கும்படி கெஞ்சிய உலகநாதரிடம், "கூலிக்கு யாரு ஜாமீன்?" என்று கேட்டுச் சங்கிலி பெட்டியை மூடிவிடுகிறார்.