ஊற்று தோண்டிய மெம்பர்

ஓர் ஓடைக்கரைக் காட்டில் மூக்காயி என்ற காட்டுப்பன்றி இருந்தது. பொதுத்தொண்டு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கிழங்கு ஒன்றுதான்.

ஒரு கோடையில் ஓடை வற்றிப் போனது. மூக்காயி கிழங்கு தேடி ஓடை மணலைக் கிளறியது. கிழங்கு கிடைக்கவில்லை, குழியில் தண்ணீர்தான் ஊறியது. இன்றைக்குப் பட்டினிதான் என்று முணுமுணுத்தபடி நகர்ந்து, எதற்கோ திரும்பிப் பார்த்தது. ஒரு முயல் குழிக்குள் தலையை விட்டு மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது. முயலுக்குப் பின்னால் கீரி. கீரிக்குப் பின்னால் குட்டியோடு ஒரு மான்.

"அக்கா, நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டது முயல்.

அதுவரை மூக்காயியை யாரும் வரச் சொன்னதே இல்லை. அது வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவார்கள். அதனால் அந்தக் கேள்வி அதற்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாளும் போனது. மணல் சரிந்து ஊற்று மூடிக் கிடந்தது. சலிக்காமல் மறுபடி தோண்டியது. மணல் ஊற்றின் சங்கதியே அதுதான், தினமும் தோண்டினால்தான் தண்ணீர்.

பிறகு மூக்காயிக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. ஆமை இறங்குவதற்காகக் கரையைச் சரிவாக்கியது. காலொடிந்த முள்ளம்பன்றிக்குத் தன் கிழங்கில் பாதியைக் கொடுத்தது.

அந்தச் சமயம் ஓடைப் பகுதிக்கு மெம்பர் தேர்தல் வந்தது. பிடித்தவர் முன்னால் கூழாங்கல் போடுவது அந்தக் காட்டு வழக்கம். மயில் தோகையை விரித்து ஆடி ஆடி ஓட்டுக் கேட்டது. மூக்காயி குனிந்த தலை நிமிராமல் தோண்டிக்கொண்டிருந்தது. திடீரென்று எதிரே கற்கள் வந்து விழுந்தன.

"எவன்டா என்னைக் கல்லால அடிக்கிறது?" என்று உறுமிக்கொண்டு நிமிர்ந்தது.

"ஜெயிச்சிட்டீங்க அக்கா!" என்றது முயல்.

மூக்காயியைக் குளிப்பாட்டி, ஆவாரம்பூ மாலை போட்டு, மரத்தடிப் பாறையில் உட்கார வைத்தார்கள். உதவிக்கு நான் இருக்கிறேன் என்று சிங்காரம் என்ற நரி தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. மறுநாள் மூக்காயி தோண்டக் கிளம்பியதும் எல்லாரும் பதறிப்போனார்கள். நம் மெம்பர் மண்ணைக் கிளறினால் நமக்குத்தானே கேவலம் என்றார்கள்.

"குறை இருந்தா அவங்க வந்து சொல்லட்டும்மா. கவனிக்கிறேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றது சிங்காரம்.

மூக்காயியைக் குறை சொல்லிப் பயனில்லை. நிழலில் உட்கார்ந்து தினம் ஒரு புது மாலையும் கும்பிடும் வாங்குவது யாருக்குத்தான் கசக்கும்? விலங்குகள் வரிசையில் வந்தன. எல்லாருக்கும் ஒரே குறைதான், தண்ணீர் இல்லை. எல்லாருக்கும் ஒரே பதில்தான், கவனிக்கிறேன். வரிசை நாளுக்கு நாள் நீண்டது.

ஒருநாள் மான் தன் குட்டியை முட்டி முட்டி நடக்க வைத்துக்கொண்டு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் போகிறோம், சொல்லிக்கொண்டு போக வந்தோம் என்றது. இரண்டு அடி வைப்பதற்குள் குட்டியின் கால்கள் மடிந்துவிட்டன. அது அவ்வளவு தூரம் நடக்காது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

முயல் மெதுவாகச் சொன்னது: "அக்கா, நீங்க தோத்திருந்தா எங்களுக்குத் தண்ணி கிடைச்சிருக்கும்."

மூக்காயிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பாறையிலிருந்து ஒரே தாவாகத் தாவியது.

"அம்மா, மாலை அழுக்காயிடும்!" என்று அலறியது சிங்காரம்.

மூக்காயி மாலையோடு போய் மணலைக் கிளறியது. பூவெல்லாம் உதிர்ந்தது, நார் அறுந்தது, முகமெல்லாம் சேறு. கடைசியில் தண்ணீர் ஊறியது. மான்குட்டி, மிதந்த ஆவாரம்பூவைத் துப்பிவிட்டுத் துப்பிவிட்டு வயிறு முட்டக் குடித்தது. குடித்ததும் எழுந்து ஒரு துள்ளுத் துள்ளியது. மூக்காயிக்குக் கண் கலங்கிவிட்டது.

வரிசையின் கடைசியில் சிங்காரமும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. தனக்கும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று இழுத்தது.

"கவனிக்கிறேன்" என்றது மூக்காயி. காடே சிரித்தது. பிறகு அதற்கும் வழிவிட்டது.

எந்த வேலையைப் பார்த்து ஊர் நம்மைத் தேர்ந்தெடுத்ததோ, அந்த வேலையை விட்டுவிட்டால் பதவியில் மிஞ்சுவது உட்காரும் கல் மட்டும்தான்.